சிபிடி எண்ணெய் "டெஸ்ட்ல வராது" என்று இனியும் சொல்லாதீர்கள்

நாலு நாளாகச் சிங்கப்பூரில் எல்லார் வாட்ஸ்அப்பிலும் ஒரு குரல்பதிவுதான், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயைப் பற்றி. இன்னும் கேட்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். "சிபிடி எண்ணெய் வெறும் மூலிகைதாங்க, போதையே கிடையாது, யூரின் டெஸ்ட்ல வரவே வராது, தாய்லாந்து ஹட்யாய் போனா அம்மா மூட்டுவலிக்கு ரெண்டு பாட்டில் வாங்கிக்குங்க" என்று ஓர் அண்ணன் நிதானமாக, அக்கறையாகச் சொல்கிறார். அந்த அக்கறைதான் பயமாக இருக்கிறது. கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. போதைப்பொருளுக்கான வழக்கமான சிறுநீர்ச் சோதனை சிபிடியைத் தேடுவதில்லை. அது தேடுவது கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியை; சரியாகச் சொன்னால், ஈரல் டிஎச்சியை உடைத்தபின் சிறுநீரில் வெளியேறும் கார்பாக்சி டிஎச்சியை. சுத்தமான சிபிடி மட்டுமே உடம்புக்குள் போயிருந்தால் சோதனைப் பட்டை பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் கடையில் வாங்கும் பாட்டிலில் சிபிடி மட்டும்தான் இருக்கிறது என்று யார் உத்தரவாதம் தந்தது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் 2018 விவசாயச் சட்டம் 0.3 விழுக்காடு வரை டிஎச்சி உள்ள செடியை 'ஹெம்ப்', அதாவது போதைக்கு உதவாத கஞ்சா வகை, என்று ஏற்றுக்கொண்டது. இந்த அளவைத்தான் பல கம்பெனிகள் லேபிளில் போட்டுக்கொள்கின்றன. கேட்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். 30 மில்லி எண்ணெய் ஏறக்குறைய 28 கிராம். அதில் 0.3 விழுக்காடு என்றால் 84 மில்லிகிராம் டிஎச்சி. ஒரு மில்லி பிடிக்கும் சொட்டுக்குழாய் நிறைய எடுத்தால் 2.8 மில்லிகிராம். வாந்திக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் டிஎச்சி மாத்திரையே 2.5 மில்லிகிராமில் தொடங்குகிறது. காலையும் இரவும் ஒரு குழாய் எடுப்பவர் தினமும் அப்படி இரண்டு மாத்திரைக்கு மேல் விழுங்குகிறார். பல நாடுகளில் முதற்கட்டச் சோதனையின் எல்லை ஒரு மில்லி சிறுநீரில் 50 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இது லேபிள் உண்மையாக இருந்தால். 2017-இல் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிப் பரிசோதித்தார்கள். லேபிளில் சொன்ன அளவு சிபிடி சரியாக இருந்தவை 31 விழுக்காடுதான். 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வில், 100 மில்லிகிராம் சிபிடியும் வெறும் 3.7 மில்லிகிராம் டிஎச்சியும் உள்ள கஞ்சாவை 6 பேர் ஒரே ஒரு முறை ஆவியாக உள்ளிழுத்தார்கள். 2 பேருக்கு 50 நானோகிராம் எல்லையைத் தாண்டியது. ஒரே முறையில்.

தினமும் எடுப்பவர் நிலைமை இதைவிட மோசம். டிஎச்சி கொழுப்பில் கரைவது. உடம்புக் கொழுப்பில் தங்கி, மெள்ள மெள்ளக் கசியும். எப்போதோ ஒரு முறை எடுத்தவருக்கு மூன்று நான்கு நாளில் மறையலாம். மாதக்கணக்கில் எடுத்தவருக்கு நிறுத்தி முப்பது நாள் கழித்தும் வரலாம். "நிறையத் தண்ணி குடிச்சாப் போயிடும்" என்று அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். கொழுப்பில் இருப்பதைத் தண்ணீர் கழுவாது.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை: அப்படி வரும் முடிவு 'தவறான பாசிட்டிவ்' (எடுக்காததை எடுத்ததாகக் காட்டும் பிழை) அல்ல. வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் பான்டோப்ரசோல் சிலருக்கு முதற்கட்டப் பட்டையை ஏமாற்றியதுண்டு. ஆய்வகத்தில் உறுதிச் சோதனை செய்தால் அது தெளிந்துவிடும். சிபிடி எண்ணெயில் அந்தத் தப்பித்தல் இல்லை. உறுதிச் சோதனை கார்பாக்சி டிஎச்சியைத்தான் காட்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே அங்கே இருக்கிறது. மூட்டுவலிக்குச் சொட்டுவிட்டதா, கஞ்சா புகைத்ததா என்று சிறுநீர் பிரித்துச் சொல்லாது.

இங்கே சிங்கப்பூரில் நடைமுறை என்ன? சிறுநீர் மாதிரியை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். ஒன்றில் முதற்கட்டச் சோதனை. மற்ற இரண்டும் சுகாதார அறிவியல் ஆணையத்தில் இரண்டு வெவ்வேறு ஆட்களால் சோதிக்கப்படும். இரண்டிலும் வந்துவிட்டால், நீங்கள் உட்கொண்டதாகவே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். தண்டனை 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 2023-லிருந்து சோதனைச்சாவடிகளிலும் சாலைத் தடுப்புகளிலும் உமிழ்நீர்ச் சோதனையும் இருக்கிறது.

"தாய்லாந்துல சட்டப்படி சரிதானே" என்கிறார்கள். 2022 ஜூனில் அங்கே தடை தளர்ந்தது. 2025-இல் கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கிவிட்டார்கள். அது அவர்கள் சட்டம். நம் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். பாட்டிலைப் பெட்டியில் வைத்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டு வந்தால் அது தனிக் குற்றம். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெயும் இங்கே தடைதான். 'டிஎச்சி இல்லை' என்ற லேபிளோ ஆய்வகச் சான்றிதழோ அதை மாற்றாது.

"பூசுற கிரீம்தானே?" தோல் வழியாக இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு, சோதனையில் வருவது அரிது, ஒப்புக்கொள்கிறேன். கையில் வைத்திருப்பது சிக்கல்.

"போலீஸ்காரன் மாதிரிப் பயமுறுத்துறீங்க", "மருந்துக் கம்பெனி ஆளு" என்றெல்லாம் எனக்குப் பதில் வந்திருக்கிறது. மனசு வலிக்கிறது. வலியில் துடிக்கும் அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. சிபிடிக்கு மருத்துவ குணமே இல்லை என்றும் சொல்லவில்லை. கடுமையான வலிப்பு நோய்க்கு சிபிடி மருந்தை அமெரிக்கா 2018-இல் அனுமதித்தது. எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பால் அவதிப்பட்ட ஒரு சிறுமிக்கு கனாபினாய்டு (கஞ்சாவில் உள்ள வகைப் பொருள்) மருந்து கொடுக்க 2019-இல் சிங்கப்பூரிலேயே அனுமதி கிடைத்தது. ஆனால் அது மருத்துவர் கேட்டு, அளவு தெரிந்து கொடுத்த மருந்து. சந்தைக் கடையில் வாங்கிய பாட்டில் அல்ல.

அந்த அம்மா இதயத்துக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவராக இருந்தால்? சிபிடி வார்ஃபரினை உடைக்கும் ஈரல் நொதியைத் தடுக்கும். இரத்தம் உறையும் அளவு மாறலாம், எங்காவது இரத்தம் கசியத் தொடங்கலாம். கூடிய அளவில் ஈரலையே பாதிக்கலாம். கொழுப்புச் சாப்பாட்டோடு எடுத்தால் சிபிடி பல மடங்கு இரத்தத்தில் ஏறும். குரல்பதிவில் இதெல்லாம் ஒரு வார்த்தை உண்டா? கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்வதற்கு முன் சிறுநீர் கொடுக்க வேண்டிய ஊர்த்தம்பி அதைக் கேட்டுவிட்டு, முதுகுவலிக்கு என்று நாலு சொட்டு நாக்கடியில் விட்டுக்கொண்டால், கடன் வாங்கி வந்த அவன் வேலைக்கு யார் பொறுப்பு?

அந்தப் பதிவைச் செய்த அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். தயவுசெய்து அதை நீக்குங்கள் அண்ணே. எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ அங்கெல்லாம், அதே குரலில், "நான் சொன்னது தவறு, வாங்காதீங்க" என்று இன்னொன்று அனுப்புங்கள்.