எல்லா வயதுக்கும் ஒரே 7 தானா?
'எந்த வயதானாலும் எச்பிஏ1சி 7-க்குக் கீழேதான் இருக்க வேண்டும்' என்று சர்க்கரை நோய் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. எச்பிஏ1சி என்பது சுமார் மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை. என் அப்பாவுக்கு 79 வயது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். போன வருஷம் அவருக்கு 6.3, வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அதே வருஷம்தான் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தார், தெருமுனைக் கடைக்குப் போய்வரவே இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். சாப்பாடு பாதியான பிறகும் மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே ஓடின. ஒருநாள் விடிகாலை பாத்ரூமில் விழுந்தார், குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரை 46, ஆபத்தான அளவுக்குக் குறைவு. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்போ கை நடுக்கமோ தெரியவே இல்லையாம். இதயத்துக்குக் கொடுக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் அந்த அறிகுறிகளை அமுக்கிவிடும், பெரும்பாலும் வியர்வைதான் மிஞ்சும் என்று பிறகுதான் தெரிந்தது. வியர்த்ததைப் புழுக்கம் என்று நினைத்திருக்கிறார் மனுஷன். பல நோய்கள் உள்ள முதியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 8-க்குக் கீழே என்று தளர்த்தித்தான் சொல்கிறது. எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே இறக்கப் பார்த்த அக்கார்ட் என்ற சர்க்கரை நோய் ஆய்வில் இறப்பு கூடியதால் 2008-இல் அந்தத் தீவிர சிகிச்சையையே நிறுத்தினார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'தினமும் நடந்தாலே தளர்ச்சி வராது' என்கிறார். நடை நல்லதுதான், ஆனால் தசை கரைந்தவருக்கு அது மட்டும் போதாது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட்; முதல் வாரம் அப்பா மூன்றைத் தாண்டவில்லை. இப்போது டாக்டர் இன்சுலினைப் பாதியாக்கிவிட்டார், தினம் ஒரு முட்டை கூடுதல், எச்பிஏ1சி 7.6. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அத்தை இன்னும் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.