சாமக்கொடைக்குத் தெளிந்த கண் வேண்டும்

வில்லுப்பாட்டுக்காரன் குடிக்காமல் விடிய விடிய எப்படிப் பாடுவான்? குமரி மாவட்டத்தில் கொடைக்கு, அதாவது அம்மன், சுடலை கோயில் திருவிழாவுக்கு, பாடப் போகிற ஊரில் எல்லாம் இதைக் கேட்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. "ரெண்டு போட்டாத்தானே புலவரே தொண்டை திறக்கும்" என்று அன்பாகத்தான் நீட்டுகிறார்கள். நான் குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன, கேள்வி மட்டும் நிற்கவில்லை. பங்குனி, சித்திரைக் கொடைகளுக்கு ஊர்க்கூட்டம் போடுகிற நேரம் இது. அதனால் மனதில் உள்ளதை எழுதிவிடுகிறேன்.

முதலில் தொண்டை விஷயம். சாராயம் தொண்டையைத் திறப்பதில்லை. உடம்பில் உள்ள நீரை வெளியேற்றிக் குரல்நாணை வறள வைக்கிறது, வயிற்றுப் புளிப்பைத் தொண்டைக்கு ஏற்றுகிறது. அதோடு வலி தெரியாமல் மரக்கவும் வைக்கிறது. மரத்த தொண்டையால் எவ்வளவு கத்தினாலும் உறைக்காது. அதனால் குரல் பெரிதாக வருவதுபோல் பாடுகிறவனுக்குத் தோன்றுகிறது. கேட்கிறவர்களுக்கு அப்படி இல்லை. ஒலிபெருக்கி சத்தத்தில் அந்தக் குறை பாதி மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். மறுநாள் மதியக்கொடைக்குள் குரல் கட்டிப்போகும்.

உண்மையில் குடி எடுத்துப் போடுவது பயத்தை. சபையில் இருக்கும் பாட்டிமார்களுக்கு முத்தாரம்மன் கதையும் இசக்கியம்மன் கதையும் நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் முன்னால் வில்லை நிறுத்தி உட்காரும்போது வயிறு கலங்கத்தான் செய்யும். எனக்கு இப்போதும் கலங்குகிறது. ஆனால் நம் வில்லுப்பாட்டில் இதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. காப்பு பாடி, குருவடி பாடி, அடுத்து அவையடக்கம் பாடுகிறோம். சொல்லில் குற்றம், தாளத்தில் குற்றம் வந்தால் பொறுக்கச் சொல்லிச் சபையைக் கும்பிடுகிறோம். முன்னோர்கள் இந்தப் பயத்துக்குப் பாட்டே கட்டி வைத்திருக்கிறார்கள். குடித்திருந்த காலத்தில் அது எனக்குச் சீக்கிரம் தாண்ட வேண்டிய சடங்கு. இப்போது ஒவ்வொரு வரியையும் மனதாரப் பாடுகிறேன். அது முடியும்போது கை நடுக்கம் நின்றிருக்கிறது.

அப்புறம் சாமக்கொடை. வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். குடியழைப்பு இரவில் தொடங்கி மறுநாள் மதியம், இரவு என்று கதையை நீட்டியும் சுருக்கியும் கொண்டுபோக வேண்டும். நடுச்சாமத்தில் கதை சாமி இறங்குகிற இடத்துக்கு வந்து சேர வேண்டும். அந்த நேரத்தில் வீசுகோல் நாணில் இருந்தாலும் கண் கோமரத்தாடியின் மேல், அதாவது சாமி வந்து ஆடுகிறவர் மேல், இருக்க வேண்டும். அவர் கால் பெருவிரல் தரையில் அழுந்தும். தோள் ஒரு குலுக்குக் குலுங்கும். மூச்சு மாறும். அதைப் பார்த்துத்தான் நான் வேகத்தைக் கூட்டுவேன். என் முகத்தைப் பார்த்துக் குடம் அடிக்கிறவர் மாற்றுவார். குடத்தைக் கேட்டு உடுக்கையும் தாளமும் மாறும். இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்துக்குள் நடக்க வேண்டும். ஒருவர் கண் மங்கினாலும் அருள் வந்த பிறகு பாட்டு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கிற கூட்டத்துக்குப் பெரும்பாலும் தெரியாது. கோமரத்தாடிக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"சுடலைமாடனுக்கே சாராயமும் சுருட்டும் படைக்கிறோம், நீ பெரிய ஆளா?" என்பார்கள். படைப்பு சாமிக்கும் ஊருக்கும் உள்ள உறவு. அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. என் வேலை சுடலையின் கதையைப் பிழையில்லாமல் சொல்வது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அய்யா வைகுண்டரின் பதியான சாமித்தோப்பில் கார்த்திகை மாதம் 17 நாள் திருஏடு வாசிப்பு, அதாவது அகிலத்திரட்டு வாசிப்பு, நடக்கிறது. ராகம் போட்டு மணிக்கணக்கில் வாசிக்கிறார்கள். நம் ஊர்த் தொண்டைதான், நம் ஊர்த் தமிழ்தான். அங்கே யாரும் தொண்டை திறக்கப் புட்டி கேட்பதில்லை.

குடியை விட்டதும் கலை பெருகி ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு முதலில் வந்தது வெறுமை. தூக்கம் கெட்டது. குடி கனவு காணும் தூக்கத்தை அமுக்கி வைக்கும். விட்டதும் அது திரும்ப வரும்போது இரவெல்லாம் கனவாகக் கொட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். புதுப்பாட்டு ஒன்றும் வரவில்லை. பழைய கதைகளின் கையெழுத்து நோட்டுகளை எடுத்துப் பிரதி எழுத ஆரம்பித்தேன். மகளின் கணக்குப் பாடத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மீன் சந்தைக்கு நானே போனேன். சாளைக்கும் நெத்திலிக்கும் அன்றைய விலை தெரியாத புலவன் என்ன நாட்டு வளம் பாடுவான் என்று மனைவி கேட்டாள். அவள் சாதாரணமாகச் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது.

கதைக்குள் போவதற்கு முன் நாட்டு வளம் பாடுவது வழக்கம். மாதம் மும்மாரி பொழிந்தது, நெல்லும் வாழையும் செழித்தது என்று எல்லா ஊரிலும் ஒரே வரிகளைப் பாடிக்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்பதுகூட வரிகளில் இருக்காது. பார்க்காதவனால் வேறெப்படிப் பாட முடியும்? குடித்த இரவுக்குப் பிறகு காலை எட்டு மணிக்கு எழுகிறவனுக்கு இந்த மாவட்டத்தின் பாதி வாழ்க்கை தெரியாது. நம் ஊர் விடிவதற்கு முன்னால் நடக்கிற ஊர். குலசேகரம் பக்கம் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறார்கள். தோவாளைச் சந்தையில் இருட்டிலேயே பிச்சியும் கிரேந்தியும் அரளியும் குவிகின்றன. பனையேறுகிறவர் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி ஏறுகிறார். சுண்ணாம்பு இருந்தால் இறங்குவது அக்கானி, காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் அதே பாளையில் அதே பனை கொடுப்பது கள். மனிதனும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. அவனுக்குள் சுரப்பது ஒன்றுதான், அதைப் புளிக்காமல் வைத்திருக்க அன்றாடம் ஒரு தடவல் வேண்டும்.

இப்போது கொடைக்கு முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்விடுகிறேன். சாயாக்கடையில் உட்கார்ந்து கேட்கிறேன். குளத்தின் பெயர் என்ன, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது, கடைசியாக எந்த வயல் வீட்டுமனை ஆனது, ஆனி ஆடிக் காற்றில் எவர் வீட்டு ஓடு பறந்தது. அன்று இரவு அதையே நாட்டு வளமாகப் பாடுகிறேன். ஒரு ஊரில் குளத்தின் பெயரை நான் இழுத்துப் பாடியபோது ஒரு பெரியவர் எழுந்து நின்று சத்தமாகத் திருத்தினார். அந்தத் திருத்தத்தைத் தாளம் விடாமல் அடுத்த அடியிலேயே சேர்த்துப் பாடினேன். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடினார்கள், சபை சிரித்துக் கைதட்டியது. சுதாரிப்பு இருந்ததால்தான் அது முடிந்தது. கற்பனை என்று எல்லோரும் பெரிதாகச் சொல்வது எனக்கு இப்படித்தான் கிடைக்கிறது, சந்தையிலும் சாயாக்கடையிலும் காதைத் திறந்து வைத்தால்.

இனி வருத்தத்தைச் சொல்கிறேன். நம் குழுக்களில் பின்பாட்டுக்கும் தாளத்துக்கும் சேருகிற பையன்கள் பலருக்கு மீசைகூட முளைத்திருக்காது. அவர்களுக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுப்பது வில்லு கற்றுக்கொடுத்த கையேதான். ஊரில் கொடுத்த புட்டி பந்தலுக்குப் பின்னால் இருக்கும். பாட்டோடு சேர்த்து அதையும் பையன் கற்றுக்கொள்கிறான். நல்ல குரல்கள் நாற்பது வயதுக்குள் கரகரத்துப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். சம்பளம் பேசும்போது பேரம் பேசுகிறவர்கள் புட்டிக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் காசைப் பையனின் கையில் கொடுத்தால் அவன் வீட்டுக்கு அரிசியாகப் போகும்.

சேலத்திலிருந்து வந்த காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31 அன்று உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறி நின்று போராடினார். அந்தப் போராட்டத்திலேயே அவர் உயிர் போனது. நம் மாவட்டத்து மண்ணில், நம் பிள்ளைகளுக்காக. அவர் வழியை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தச் சாலை வழியாகக் கொடைக்குப் போகும்போதெல்லாம் என் மனது கனக்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர், காந்தியின் கதையை வில்லில் பாடி ஊர் ஊராகக் கேட்க வைத்தவர். நம் வில்லுக்கு அப்படியும் ஒரு வழி உண்டு. கள்ளுக்கடை மறியலுக்கு அழைத்த தலைவரின் கதையைப் பாடிய வில்லின் பக்கத்தில் புட்டி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

விட நினைக்கிற தோழர்களுக்கு முக்கியமான ஒன்று. தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் வைராக்கியத்தில் ஒரே நாளில் தனியாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் உடல் நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவர் பார்வையில் மருந்தோடு நிறுத்த வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். வீட்டில் இருப்பவர்களும் பேசலாம்.

ஊர்க்கூட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த முறை வில்லுக்கு முன்பணம் தரும்போதே புட்டி கிடையாது என்று சொல்லிவிடுங்கள். எங்கள் மரியாதை குறைந்துவிடாது. இரவு பத்து மணிக்குக் கஞ்சியும் பயறும், சாமக்கொடைக்கு முன்னால் சுக்குப் போட்ட கருப்பட்டிக் காப்பி ஒரு பாத்திரம் நிறைய, அது போதும். எங்கள் குடக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்கு மட்டும் இனிப்பில்லாமல் ஒரு கட்டன்சாயா தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.