பந்து விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு மேனேஜரைத் திட்டாதீர்கள்

நவம்பர் 1, 2025 இரவு. டொராண்டோவில் பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11ஆவது இன்னிங்ஸ். 5-4 என்று லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸிடம் நம் டொராண்டோ புளூ ஜேஸ் தோற்றது. 1993க்குப் பிறகு முதன்முறையாகத் தொட்ட உயரம் கையைவிட்டுப் போனது. அந்த வலியையாவது தாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இந்த ஊரில் நடக்கும் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. சுரங்க ரயிலில், அலுவலகத்தில், கல்யாணப் பந்தியில், முடிவெட்டும் கடையில், எங்கே போனாலும் இதே இரண்டு வரிகள்: “சொந்த மைதானத்திலேயே தோற்றார்களே!” அடுத்த மூச்சில், “அந்த மேனேஜர் ஷ்னைடருக்கு ஆட்டம் தெரியாது!”

சொந்த மைதானம் என்றால் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்களா? பேஸ்பாலில் 100 ஆட்டங்கள் நடந்தால் சொந்த ஊர் அணி ஏறக்குறைய 54 ஆட்டங்களில் வெல்லும். அவ்வளவுதான். ஏழு ஆட்டத் தொடரில் ஒருவருக்குச் சொந்த ஊரில் மூன்று, மற்றவருக்கு நான்கு. அந்த ஓர் ஆட்டத்துக்காகத்தான் இத்தனை கூச்சல். அந்த ஆண்டின் வழக்கமான லீக் ஆட்டங்களில் நாம் 94 வெற்றி, அவர்கள் 93. ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் கிடைத்த சலுகை அது. நான்கு ஆட்டங்கள் டொராண்டோவில் என்று தெரிந்ததும் தெருவெல்லாம் கொண்டாட்டம். அந்த நான்கில் நாம் வென்றது ஒன்றுதான். லாஸ் ஏஞ்சலிஸ் போய் அவர்கள் மைதானத்தில் மூன்றில் இரண்டை வென்றோமே, அதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

2019இல் வாஷிங்டனும் ஹியூஸ்டனும் ஏழு ஆட்டங்கள் ஆடின. ஏழிலும் வெளியூர் அணிதான் வென்றது. 2023இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பிளேஆஃபில் (லீக் முடிந்த பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) வெளியூரில் ஆடிய 11 ஆட்டங்களையும் வென்றார்கள். சொந்த ஊரில் ஆடிய ஆறில் நான்கைத் தோற்றார்கள். கோப்பை அவர்களுக்குத்தான் போனது. மறுபக்கம் 1987இலும் 1991இலும் மினசோட்டா, 2001இல் அரிசோனா, தொடரின் ஏழு ஆட்டங்களையும் சொந்த ஊர் அணிகளே வென்ற கதையும் உண்டு. எனக்கு வேண்டிய ஆண்டை நானும் உங்களுக்கு வேண்டிய ஆண்டை நீங்களும் எடுத்துக்கொண்டு விடியும்வரை கத்தலாம். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

மேனேஜர் பேச்சுக்கு, அதாவது யார் எப்போது வீசுவது என்று முடிவெடுப்பவரைப் பற்றிய பேச்சுக்கு, வருகிறேன். என் வயிறு எரிவது இங்கேதான்.

2020 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம். டாம்பா பே அணிக்காக பிளேக் ஸ்னெல் வீசிக்கொண்டிருந்தார். 73 பந்துகள், கொடுத்தது இரண்டே ஹிட், ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) ஆக்கியிருந்தார், அணி 1-0 என்று முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து அவரை வெளியே எடுத்தார். உள்ளே வந்த நிக் ஆண்டர்சன் ரன்களைக் கொடுத்தார், தொடர் போயிற்று. அது தவறான முடிவு என்று நானும் சொல்வேன். ஆனால் தோற்றதற்காகச் சொல்லவில்லை. அடுத்து வரவிருந்த மூவரும் அன்று ஸ்னெலிடம் ஆறு முறை வந்து ஆறு முறையும் ஸ்டிரைக் அவுட் ஆகியிருந்தார்கள். ஆண்டர்சனோ அதற்கு முந்தைய ஆட்டங்களில் தொடர்ந்து ரன் கொடுத்து வந்தவர். இவ்வளவும் பந்து கையைவிட்டுப் போவதற்கு முன்பே தெரிந்த விஷயங்கள். விமர்சனம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இப்போது 2025இன் ஏழாவது ஆட்டத்துக்கு வாருங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4. வீசுபவர் அதே ஸ்னெல், இம்முறை டாட்ஜர்ஸுக்காக. ஒருவர் அவுட் (மூவர் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடியும்), நம் ஆட்கள் இருவர் பேஸில். டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் நடந்து வருகிறார், ஸ்னெலை எடுக்கிறார், யமமோட்டோவைக் கொண்டுவருகிறார். எந்த யமமோட்டோ? முந்தைய இரவுதான் 96 பந்துகள் வீசிய யமமோட்டோ! வந்த வேகத்தில் நம் கர்க்கின் உடலில் பந்தை அடித்து, அவருக்கு இனாமாக ஒரு பேஸைக் கொடுத்து, மூன்று பேஸ்களையும் நிரப்பினார். அடுத்து வார்ஷோ தரையோடு அடித்த பந்தை ரோஹாஸ் பிடித்து, தடுமாறி, ரன் முடியும் இடமான ஹோமுக்கு எறிந்தார். மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்த கைனர்-ஃபலேஃபா நூலிழையில் அவுட். கிளெமென்ட் ஆழமாகத் தூக்கி அடித்ததை ஆண்டி பாஹெஸ் சக வீரர்மேல் மோதியபடி பிடித்தார். அந்த பாஹெஸ் அதே இன்னிங்ஸில்தான் மாற்று வீரராக இறக்கப்பட்டவர்.

வார்ஷோவின் பந்து இரண்டடி தள்ளிப் போயிருந்தால்? களைத்துப்போன கையை நம்பி உலகத் தொடரைத் தொலைத்த முட்டாள் என்று ராபர்ட்ஸின் பெயர் நாசமாகியிருக்கும். போகவில்லை. அதனால் இன்று அவர் மேதை. அவர் எடுத்த முடிவில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது பந்து போன இடம் மட்டும்.

வீசுகிறவரை விட்டுவைத்துத் தோற்றால் 2003இல் பெட்ரோ மார்ட்டினஸை விட்டுவைத்த பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில், அதற்கு அவர் வேலையே போயிற்று. எடுத்துத் தோற்றால் கெவின் கேஷ். இரண்டிலும் திட்டுவதற்குத் தயாராக ஒரே ஆள் நிற்கிறார். அந்த ஆள் என் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். 2023 பிளேஆஃபில் நம் ஷ்னைடர் நான்காவது இன்னிங்ஸில் 47 பந்துகளோடு பந்துவீச்சாளர் பெரியோஸை எடுத்தபோது, “நன்றாக வீசுகிறவனை எடுக்கலாமா, கணக்குப் பார்த்தா ஆட்டம் ஆடுவது!” என்று குதித்தார். சரி, எனக்கும் அன்று கோபம்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் நாம் எடுத்த ரன் எத்தனை? பூஜ்யம். முந்தைய நாள்? ஒன்று. இரண்டு ஆட்டங்கள், 18 இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன். குரெரோ இரண்டாவது பேஸில் அசந்து நின்று பிடிபட்டார். இதையெல்லாம் ஒருவரும் பேசவில்லை. இன்றுவரை பெரியோஸ் பேச்சுதான். 2-0 என்று தோற்ற ஆட்டத்தில் பெரியோஸ் விடியும்வரை வீசியிருந்தாலும் பூஜ்யத்தை வைத்து எப்படி வெல்வது?

அதே மனிதர் இப்போது, “ஹாஃப்மனை ஏன் விட்டுவைத்தார், எடுத்திருக்க வேண்டாமா?” என்கிறார். 2025இன் அந்த ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 முன்னிலை, அணியின் கடைசி இன்னிங்ஸ் பந்துவீச்சாளர் வீசுகிறார். எதிரே வரிசையில் கடைசியாக இறங்கும் ரோஹாஸ், அடியைவிடத் தடுப்பாட்டத்துக்குப் பெயர் வாங்கியவர். அந்த நிமிடத்தில் ஹாஃப்மனை எடு என்று இந்த நாட்டில் ஒருவர்கூடக் கத்தவில்லை. பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிய பிறகுதான் அத்தனை பேருக்கும் ஞானம் பிறந்தது. ரோஹாஸ் அருமையாக அடித்தார் என்று ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு கஷ்டம்? எதிரணியிலும் மனிதர்கள்தான் ஆடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் இதற்காகவே உழைத்தவர்கள்.

எல்லாவற்றையும் விட என்னை வெடிக்க வைப்பது அந்த பன்ட். 11ஆவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம். முதல் ஆளாக வந்த குரெரோ ஒரே அடியில் இரண்டாவது பேஸ்வரை ஓடி அங்கே நிற்கிறார். கைனர்-ஃபலேஃபா பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட் ஆகி, குரெரோவை மூன்றாவது பேஸுக்கு அனுப்பினார். “ஓர் அவுட்டை இனாமாகக் கொடுத்துவிட்டார்கள்!” என்று ஊரே அலறுகிறது. அலறுகிறவர்கள்தான் சொந்த மைதானத்தால் என்ன பிரயோஜனம் என்றும் கேட்கிறார்கள். ஐயா, பிரயோஜனம் அதுதான்! சொந்த அணி கடைசியாக பேட்டிங் செய்கிறது. எத்தனை ரன் தேவை என்று தெரிந்து ஆடும் வசதி அதற்கு மட்டும்தான் உண்டு. ஒரு ரன் போதும், சமன், ஆட்டம் நீளும். வெளியூர் அணிக்கு அந்த நிச்சயம் கிடையாது. எத்தனை எடுத்தால் போதும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? மைதானமே அதிரும் கைதட்டல், பழகிய புல்தரை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஓர் அவுட்டோடு மூன்றாவது பேஸில் ஆள் நின்றால், வெளிப்புறத்துக்கு ஓர் உயரமான அடி போதும், ரன் வந்துவிடும்.

அதற்குப் பிறகு பார்ஜர் நான்கு தவறான பந்துகளால் இனாமாக முதல் பேஸுக்கு வந்தார். கர்க்கின் மட்டை உடைந்து, பந்து டாட்ஜர்ஸின் பெட்ஸ் கைக்குப் போய், ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். முடிந்தது. அதை வைத்து பன்ட் தவறு என்று நிரூபித்துவிட்டதாக நினைக்கிறீர்கள். அவர் அங்கே அடித்தே ஆடியிருக்க வேண்டும் என்பது உங்கள் கட்சியானால் வாருங்கள், இரவு முழுக்க வாதாடத் தயாராக இருக்கிறேன். கைனர்-ஃபலேஃபா எப்படி அடிப்பவர், அவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள், யமமோட்டோவின் கையில் இன்னும் எவ்வளவு மிச்சம், இவற்றை வைத்துப் பேசுங்கள். கர்க்கின் உடைந்த மட்டையிலிருந்து தொடங்குவதாக இருந்தால் என்னிடம் வராதீர்கள்.