கூரைக்கு முன்னால் படகை எண்ணுங்கள்

புயல் ஓய்ந்ததும் கணக்கெடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கூரையை. படகு கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. கடலை நம்பிய ஊர்களில் இந்த வரிசை மாறியாக வேண்டும். படகு நீரில் இறங்கிவிட்டால் அந்த வருமானத்தில் கூரை தானாக ஏறும். கூரை மட்டும் வந்தால் அதன்கீழ் அடுப்பு எரியாது.

கரீபியன் கடலில் கிரெனடா நாட்டைச் சேர்ந்த கேரியக்கூ தீவை எண்ணித்தான் இதை எழுதுகிறேன். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு அந்தச் சின்னஞ்சிறு தீவின் மேலேயே கரையேறியது. பத்தில் ஒன்பது கட்டடங்களுக்கு மேல் சேதம். புயல் வருகிறது என்றால் டிரல் விரிகுடாவின் அலையாத்திக் காட்டுக்குள் படகுகளைக் கொண்டுபோய் மரங்களோடு கட்டிவைப்பது அங்கே பழைய வழக்கம். இம்முறையும் கட்டினார்கள். காற்று அங்கேயும் புகுந்து படகுகளை நொறுக்கியது, மரங்களை மொட்டையாக்கியது. அந்தக் காட்டை மீட்பதைச் சுற்றுச்சூழல் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. படகுகளுக்கு அதுதான் புகலிடம்.

இந்தத் தீவின் விண்ட்வர்ட் கிராமத்தில் ஸ்காட்லாந்துத் தச்சர்களின் வழிவந்த ஓடாவிகள், அதாவது படகு கட்டும் தச்சர்கள், இருக்கிறார்கள். வரைபடம் கிடையாது, கடற்கரையிலேயே கண்ணளவில் படகு கட்டுவார்கள். வெள்ளை சிடார் மரம் இயல்பாக வளைந்திருக்கும் விதத்தைப் பார்த்தே எது வங்குக்கு, அதாவது படகின் விலா எலும்பு போன்ற சட்டத்துக்கு, ஆகும் என்று தேர்ந்தெடுப்பார்கள். என்ன கைகள் அவை! 2023-இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாராட்டு இருக்கட்டும். நிவாரணப் பணம் இந்தக் கைகளுக்குப் போக வேண்டும் என்பதே என் வாதம். எங்கோ வார்த்த கண்ணாடியிழைப் படகுகளைக் கப்பலில் ஏற்றி அனுப்புவது எளிது. வாங்கியவர் கடலுக்குப் போய்விடுவார், உண்மைதான். ஆனால் அவருக்குப் படகு கட்டிக்கொடுத்து வந்தவர் வேலையின்றி உட்கார்ந்திருப்பார். பழுது பார்க்கக்கூடியதைப் பழுது பாருங்கள். மரத்தையும் ஆணியையும் கூலியையும் கொடுங்கள்.

பணம் விரைவாக வர வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2007 முதல் கரீபிய நாடுகளுக்குப் பொதுவான பேரிடர்க் காப்பீட்டு நிதியம் ஒன்று இயங்குகிறது. சேதத்தை வீடுவீடாக அளக்கும்வரை அது காத்திருப்பதில்லை; புயலின் வலுவை வைத்தே தொகையைக் கணக்கிடுகிறது. பெரிலுக்குப் பிறகு கிரெனடாவுக்கு 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. மீன்பிடித் தொழிலுக்கென்றே 2019-இல் தனிக் காப்பீடும் வந்தது. அதில் முதலில் சேர்ந்த இரண்டு நாடுகளில் கிரெனடாவும் ஒன்று.

அரசின் கைக்கு வந்த பணம் மீனவரின் கைக்குப் போய்ச்சேர ஒரு பட்டியல் வேண்டும். படகு உரிமையாளரின் பெயர் மட்டும் போதாது. கூடப் போகும் ஆட்கள், மீன் விற்கும் பெண்கள், இயந்திரம் பழுது பார்ப்பவர், ஓடாவி எல்லோரும் அதில் இருக்க வேண்டும். அங்கே புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்துக்குள் அந்தப் பட்டியலைத் திருத்தி முடித்துவிட வேண்டும்.