நியண்டர்தாலை அழித்தது காந்தப்புலமா?
பூமியின் காந்தப்புலம் புரண்டதால்தான் நம் நெருங்கிய உறவான நியண்டர்தால் என்ற பழங்கால மனித இனம் அழிந்தது என்று ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது. அவ்வளவு சுலபமாக முடிச்சுப் போட முடியாது.

அது சொல்லும் காந்தப்புலப் புரட்டல், சுமார் 42,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த லஷாம்ப் நிகழ்வு. அது வட, தென் காந்தத் துருவங்கள் நிலையாக இடம் மாறிக்கொள்ளும் முழுத் திருப்பமே அல்ல. காந்தத் துருவங்கள் சில நூறு ஆண்டுகள் தடம் மாறி, பழைய இடத்துக்கே வந்துவிட்டன. இதில் எனக்குப் பிடித்தது நியூசிலாந்தின் நாஃபாவில், மின்நிலையத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த கவுரி மரம்தான். ஏறக்குறைய 1,700 வருடம் வாழ்ந்த மரம். புலம் பலவீனமானால் விண்கதிர்கள் அதிகம் நுழையும், காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடும். மரம் அதை வளையம் வளையமாகக் கணக்கு எழுதி வைத்துவிடும். அந்தக் கணக்கைத்தான் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். அதுவரை சரி.

அப்புறம் ஓசோன் குறைந்தது, தட்பவெப்பம் மாறியது, ஓர் இனமே போனது என்று நீட்டும்போதுதான் இடிக்கிறது. பழைய தட்பவெப்பத்தின் தடயங்களைக் காக்கும் கிரீன்லாந்து பனிப்படிவங்களில் அந்த நேரத்தில் அப்படியொரு தனித்துத் தெரியும் மாற்றம் இல்லை. நம் முன்னோரும் அதே வானத்தின் கீழ்தானே இருந்தார்கள்? சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடைசி முழுத் திருப்பத்தையே ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதி மனித இனம் தாண்டி வந்திருக்கிறது, அதுவும் சன்ஸ்கிரீன் இல்லாமல்.