புழு வந்த பிறகு யாரைக் கேட்பது?
ஒரு நாள் பயிலரங்கு போதும், வீட்டுக் குப்பை உரமாகிவிடும் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் குடியிருப்பிலும் நடத்தினார்கள். உரம் போடத் துளையிட்ட பெயின்ட் வாளியோடு எல்லாரும் உற்சாகமாகத்தான் வீடு திரும்பினோம். நாற்றமும் புழுவும் தலைகாட்டியதும் பாதி வாளிகள் மொட்டைமாடி மூலைக்குப் போய்விட்டன. காய்கறித் தோலில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம், கார்பன் குறைவு; அதனால்தான் நாற்றம். காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ தாராளமாகப் போட்டுக் கிளறினால் வாடை அடங்கும். புழுக்களும் கடிக்காது, கழிவைத் தின்று தீர்க்கத்தான் வருகின்றன. இதைச் சொன்னது எங்கள் தோட்டக்காரர், பயிற்சியாளர் இல்லை (அவர் செல்ஃபியோடு சரி!). மேலே கருத்து எழுதிய ஒருவர் 'மாநகராட்சி பார்த்துக்கொள்ளட்டுமே' என்கிறார். 2016 திடக்கழிவு விதிகளிலேயே தரம் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று வந்துவிட்டதே, சார். பயிலரங்கு நடத்துபவர்கள் ஒரு மாதம் கழித்து வாளியைத் திறந்து பார்க்க மறுபடி வரட்டும்.