2.2 சதவீதம் சொல்லாதது

"தமிழ்நாட்டில் வறுமை 2.2 சதவீதம்தான், மதுரைப் பக்கம் குழந்தைகளுக்குத் தனி உதவி எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். எண் சரி, ஒன்றிய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2023இல் வெளியிட்டது. ஆனால் அது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் வந்த மாநில சராசரி. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் சார்ந்த 12 அளவுகோல்களுக்கு மதிப்பெண் போட்டு, ஒரு வீட்டில் இல்லாதவற்றின் மதிப்பெண் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால்தான் அது ஏழைக் குடும்பம். அதில் ஊட்டச்சத்துக்கு ஆறில் ஒரு பங்கு மதிப்பெண்தான். அதனால் குழந்தை மெலிந்து கிடந்தாலும், மற்றவை இருந்தால் அந்த வீடு கணக்கிலேயே வராது!

அப்புறம், அந்தக் கணக்கெடுப்பு மாவட்டத்தோடு நின்றுவிடும். மதுரை மாவட்டத்துக்குள் சேடபட்டி, கொட்டாம்பட்டி என்று ஒன்றியவாரியாகச் சொல்லாது. உதவி முதலில் எந்த ஊருக்கு என்பதை அங்கன்வாடி எடைப் பதிவேட்டையும் பள்ளி இடைநிற்றலையும் ஊர்வாரியாக வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.